புது மனைப்பிரிவில் ரோடு, பூங்கா, தெருவிளக்கு: புரமோட்டர் கைகழுவிய பிறகு யாரைக் கேட்பது? (தருமபுரி)

தெற்குவாசல் மனை

நல்லம்பள்ளி பக்கம் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண் எல்லாம் உள்ள மனைப்பிரிவு. 140 மனைகளுக்கு மேல் இருக்கும். வீடு கட்டிக் குடியிருப்பது முப்பது குடும்பங்களுக்குக் கொஞ்சம் கூட. மீதி எல்லாம் காலி மனை. சொந்தக்காரர்கள் பெங்களூரு, திருப்பூர், துபாய் என்று இருக்கிறார்கள்.

விற்கிற வரைக்கும் எல்லாம் பளபளப்பாக இருந்தது. கடைசி மனை கைமாறியதும் முதலில் வாட்ச்மேன் நின்றார், அப்புறம் தோட்டக்காரர். இப்போது தார் ரோட்டில் ஜல்லி பெயர்ந்து டூவீலர் வழுக்குகிறது. மழைநீர்க் கால்வாய் கடைசி வரிசை வரை வந்து அங்கேயே முட்டி நிற்கிறது, வெளியே போக வழியே கிடையாது. தெருவிளக்கு மீட்டர், மனை போட்டு விற்ற புரமோட்டர் பெயரில் இருக்கிறது. அவர் பில் கட்டாததால் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்த இடத்தில் ஊஞ்சல் கம்பி மட்டும் நிற்கிறது. சுற்றிலும் பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும்தான். சாயங்காலம் ஆனால் பாம்பு பயம், பிள்ளைகளை வெளியே விடுவதில்லை.

ஊராட்சியில் கேட்டால், "இன்னும் எங்களிடம் ஒப்படைக்கவில்லை" என்கிறார்கள். புரமோட்டர் ஆபீசில் கேட்டால், "எல்லாம் ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்தாச்சு" என்கிறார்கள். வீட்டுக்கு மாதம் 500 ரூபாய் வசூலித்து நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று இங்கே பாதிப் பேர் சொல்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கறார் கணக்கு

நாமே செய்வதுதான் நடக்கிற காரியம். எங்கள் பென்னாகரம் ரோடு பக்கத்து நகரில் அப்படித்தான் ஓடுகிறது. ஒரு நாள் ஜேசிபி விட்டால் முள்ளெல்லாம் போய்விடும். விளக்கு பாக்கியைக் கட்டினால் லைட் எரியும். ஆபீஸ் ஆபீஸாக அலைந்தால் செருப்புதான் தேயும். பாம்பு நம்ம மனு போய்ச் சேருகிற வரைக்கும் காத்திருக்காதுங்க.

பத்திரம் படி

முள் வெட்டுவதற்கு வசூல் பண்ணுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் ரோட்டுக்கும் பூங்காவுக்கும் காசு போடும் முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த இடம் இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஊராட்சி சொல்வதும் புரமோட்டர் சொல்வதும் வாய்வார்த்தை. பத்திரத்தில் இருப்பதுதான் செல்லும்.

நடைமுறை என்னவென்றால், மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது ரோடுகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். 2019-ம் வருட ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவில், ரோடு போக மீதிப் பரப்பில் 10 சதவீதம் பொது ஒதுக்கிடம். அதைத்தான் ஓஎஸ்ஆர் என்கிறார்கள். 140 மனை என்றால் உங்களுடையது நிச்சயம் அந்தக் கணக்கில் வரும்.

ஆகவே தானப் பத்திரம் இருக்கத்தான் வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் (அந்த இடத்துக்குப் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பாருங்கள், பார்ப்பதற்குக் காசு இல்லை. உங்கள் மனையின் சர்வே எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். மனைப்பிரிவு அடங்கிய எல்லா சர்வே எண்களையும் போட வேண்டும். எழுதிக் கொடுத்தவர் புரமோட்டர் அல்லது நிலத்துக்காரர், எழுதி வாங்கியவர் ஊராட்சி என்று ஒரு பதிவு வரும். அந்த ஆவண எண்ணைக் குறித்துக்கொண்டு நகலுக்கு விண்ணப்பியுங்கள். அதன் சொத்து விவரத்தில் எந்த ரோடு, எத்தனை அடி அகலம், பூங்கா எத்தனை சதுர மீட்டர் என்று இருக்கும். ரெரா தளத்தில் உங்கள் பதிவு எண்ணுக்குக் கீழே ஏற்றியிருக்கும் வரைபடத்தோடு அதை ஒப்பிடுங்கள்.

இதோடு முடியவில்லை. பட்டாவையும் பார்க்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தானப் பத்திரம் பதிவாகியிருக்கும், பட்டா மட்டும் பழைய நிலத்துக்காரர் பெயரிலேயே கிடக்கும். பத்து வருடம் கழித்து அவர் மகன் வந்து பூங்காவை இரண்டாகப் பிரித்து விற்பான்.

காவேரிப்பட்டினம் அக்கா

மேலே சொன்னது எங்கள் ஊரில் அப்படியே நடந்தது. பூங்கா இடத்தில் ஒரு நாள் காலையில் பார்த்தால் எல்லைக்கல் நட்டிருக்கிறது. கேட்டால், "பட்டா எங்க பேர்லதான் இருக்கு" என்று காகிதத்தை நீட்டுகிறார்கள். பட்டா நிஜமாகவே அவர்கள் பெயரில்தான் இருந்தது. நல்லவேளை, எங்கள் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற சர்வேயர் இருந்தார். வில்லங்கத்தில் தானப் பத்திர எண்ணைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதை வைத்து சார்பதிவாளர் ஆபீசில் முதலில் ஆட்சேப மனு கொடுத்தோம், யாராவது கிரயம் பதிய வந்தால் நிறுத்தட்டும் என்று. பிறகு திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு. தாசில்தார் ஆபீசில் உட்பிரிவு செய்து பட்டாவை ஊராட்சி பெயருக்கு மாற்ற ரொம்ப நாள் இழுத்தது. மாறிவிட்டது.

பூங்கா இப்போதும் பிரமாதமாக இல்லை. நாலு புங்க மரம், ஒரு சிமெண்ட் பெஞ்ச். ஆனால் இடம் இருக்கிறது.

ஓசூர் மூன்றாம் மாடி

எங்கள் அபார்ட்மெண்டில் இதெல்லாம் சங்கமே பார்த்துக்கொள்கிறது. பராமரிப்புப் பணம் கட்டாவிட்டால் நோட்டீஸ்தான். அதே மாதிரி நீங்களும் விதி போட்டுவிடலாமே?

பத்திரம் படி

சார், அது வேறு, இது வேறு. உங்கள் மாடிப்படியும் லிஃப்டும் மொட்டை மாடியும் வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் பிரிக்கப்படாத பங்காகச் சொந்தம். அதற்கென்று 2022-ல் தனிச் சட்டம் வந்து, 2024 மார்ச்சில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சங்கம் பணம் கேட்கலாம், வசூலிக்கலாம். மனைப்பிரிவில் ரோடு ஊராட்சிக்குச் சொந்தம். மனைக்காரர்கள் சங்கம் வைத்தாலும் அது 1975-ம் வருட சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் வருகிற சாதாரண சங்கம்தான். சேர்வதும் சேராததும் அவரவர் இஷ்டம். பணம் கொடு என்று கட்டாயப்படுத்துவது கஷ்டம்.

ஆனாலும் சங்கம் வேண்டும். ஏழு பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். தனி ஆளாகப் போய் நின்றால் "பார்க்கலாம்" என்பார்கள். பதிவு எண்ணோடு, தீர்மான நகலோடு போனால் பதில் கொடுத்தாக வேண்டும். வருடா வருடம் பொதுக்குழு நடத்திக் கணக்கைத் தாக்கல் செய்ய மறக்காதீர்கள். தருமபுரியில் பாதி நகர்களின் சங்கம் போர்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

பாலக்கோடு டு பெங்களூரு

இந்தக் காலி மனைக்காரர்களில் நானும் ஒருத்தன், அதனால் பதில் சொல்கிறேன். உங்கள் மனைப்பிரிவு இல்லை, வேறு. என் மனையில் முள் வளர்ந்திருக்கிறது என்று யாரும் போன் பண்ணிச் சொன்னதே கிடையாது. ஒரு நாள் வாட்ஸ்அப்பில் "பணம் கட்டாத துரோகிகள் பட்டியல்" என்று என் பெயரைப் போட்டிருந்தார்கள். எதற்குப் பணம், யார் கணக்கு, என்ன ரசீது? ஒன்றும் இல்லை. குடியிருப்பவர் வீட்டு வாசலில் எரியும் விளக்குக்கு நான் ஏன் பங்கு போட வேண்டும் என்பதும் நியாயமான கேள்விதான். என் மனையைச் சுத்தம் செய்ய இவ்வளவு, படம் அனுப்புகிறோம் என்று சொன்னால் அன்றைக்கே அனுப்பிவிடுவேன்.

கறார் கணக்கு

அண்ணே, ரோடு இல்லாமல், லைட் இல்லாமல் நாளைக்கு உங்கள் மனையை என்ன விலைக்குக் கேட்பார்கள்? குடியிருக்கிறவன் போடுகிற காசில் உங்கள் மனைக்கும் சேர்த்துத்தான் விலை ஏறுகிறது.

பாலக்கோடு டு பெங்களூரு

சரி, அது உண்மைதான். ஆனால் துரோகி என்று எழுதிவிட்டுக் கேட்டால் வராது.

ஊராட்சி வாசல்

நான் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊராட்சி ஏன் "ஒப்படைக்கவில்லை" என்று சொல்கிறது என்பதை அந்தப் பக்கத்தில் இருந்தும் பாருங்கள். ஒரு மனைப்பிரிவை எடுத்துக்கொண்டால் அன்றையில் இருந்து தெருவிளக்கு பில், மோட்டார் பில், தூய்மைப் பணியாளர், ரோடு எல்லாம் அவர்கள் தலையில். கிராம ஊராட்சிக்கு வருகிற நிதிக்குழு மானியத்தில் கரண்ட் பில்லுக்கே நல்ல பங்கு போய்விடும். அதனால் செயலர் பேப்பரைத் தள்ளிக்கொண்டே இருப்பார். அவர் கெட்டவர் என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் வீட்டு வரி வாங்குகிறார்களா, இல்லையா? வரி ரசீது கொடுத்துவிட்டு, உங்கள் தெரு எங்களுடையது இல்லை என்று சொல்ல முடியாது. 1994-ம் வருட ஊராட்சிகள் சட்டம், பிரிவு 110-ஐப் படியுங்கள். ரோடு, பொது இடங்களில் விளக்கு, கால்வாய், தெருவைச் சுத்தம் செய்வது, குடிநீர் எல்லாம் கிராம ஊராட்சியின் கடமை என்று வரிசையாக இருக்கிறது. புதர்களையும் சப்பாத்திக்கள்ளியையும் அகற்றுவது வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். சட்டம் எழுதிய காலத்தில் சீமைக்கருவேலம் இவ்வளவு தலைவலியாக இருந்திருக்காது போல.

2025 ஜனவரியில் நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. உங்கள் ஊராட்சியில் இன்றைக்கு யார் பொறுப்பில் இருக்கிறார் என்று பார்த்து, அவர் பதவியைக் குறிப்பிட்டு மனு எழுதுங்கள். ஒரு நகல் பிடிஓவுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்). கிராம சபையையும் விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. போய்ப் பேசிவிட்டு வந்தால் காற்றோடு போய்விடும். எழுதிக்கொண்டு போய்ப் படித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள். மனைப்பிரிவில் இருந்து இருபது பேர் போனாலே கூட்டத்தின் நிறம் மாறும்.

ஊத்தங்கரை ஈரம்

கால்வாய் முட்டி நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, 2024 டிசம்பரில் எங்கள் ஊரில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அன்றைக்குத்தான் எந்த மனைப்பிரிவு எந்த ஓடையின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் (சர்வே எண்ணின் அளவுப் படம்) வாங்கிப் பாருங்கள். மனைப்பிரிவை ஒட்டி ஓடைப் புறம்போக்கோ வாய்க்கால் புறம்போக்கோ இருக்கும். கால்வாய் அதில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நடுவில் யாராவது வரப்பை இழுத்து அடைத்திருக்கலாம், அல்லது புரமோட்டர் பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசி முடிக்காமலே கால்வாயை நிறுத்தியிருக்கலாம். அடைத்திருந்தால் தாசில்தாரிடம் ஆக்கிரமிப்பு மனு. புரமோட்டர் வேலையை முடிக்கவில்லை என்றால் அது ரெராவுக்குப் போக வேண்டிய விஷயம். எது என்று தெரியாமல் காசு வசூலித்துப் பள்ளம் தோண்டினால் பக்கத்து நிலத்துக்காரரோடு சண்டைதான் வரும்.

தெற்குவாசல் மனை

எல்லோருக்கும் நன்றி. பத்திரம் படி சார் சொன்னபடி வில்லங்கம் எடுத்தோம். இரண்டு பக்கமும் சொன்னது பாதி உண்மை. ரோடுகளுக்கும் பூங்காவுக்கும் தானப் பத்திரம் ஊராட்சி பெயரில் பதிவாகியிருக்கிறது. ரோட்டுக்குப் பட்டாவும் மாறியிருக்கிறது. பூங்கா பட்டா இன்னும் பழைய நிலத்துக்காரர் பெயரில். போர்வெல்லும் மேல்நிலைத் தொட்டியும் இருக்கிற இடம் தானப் பத்திரத்திலேயே இல்லை! விளம்பர நோட்டீசில் "24 மணி நேர தண்ணீர் வசதி" என்று படம் போட்ட அதே தொட்டி.

பத்திரம் எழுதும்போது பராமரிப்புக்கு என்று சதுர அடிக்கு ஒரு தொகை தனியாக வாங்கினார்கள். அதற்கு ரசீது சிலரிடம் இருக்கிறது, சிலரிடம் இல்லை.

பத்திரம் படி

தொட்டி இடம்தான் இனி உங்களுக்கு முக்கியம். பூங்கா பட்டாவுக்கு ஆதாரம் கையில் இருக்கிறது, தாசில்தார் ஆபீசில் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். தொட்டி இடம் எழுதியே கொடுக்கப்படவில்லை என்றால் நாளைக்கு அதையும் மனையாக விற்கலாம்.

ரெரா சட்டம் 2016-ல் மூன்று இடங்களைப் படியுங்கள். பிரிவு 11: சங்கம் பொறுப்பேற்கிற வரைக்கும் நியாயமான கட்டணத்தில் அத்தியாவசிய வசதிகளைக் கொடுத்துப் பராமரிப்பது புரமோட்டரின் வேலை. சங்கம் அமைய வழிசெய்வதும் அவர் வேலைதான். பிரிவு 14: வேலையின் தரத்திலோ வசதிகளிலோ குறை இருந்து, ஒப்படைத்த தேதியில் இருந்து ஐந்து வருடத்துக்குள் அவருக்குத் தெரிவித்தால், 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். பிரிவு 17: பொதுப் பகுதிகளை எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்த ஐந்து வருடம் உங்களுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் வாங்கியவர்களுக்கு முடியப் போகும், கடைசியில் வாங்கியவர்களுக்கு இன்னும் நாள் இருக்கும். அதனால் கடிதத்தில் ஒரே ஆள் கையெழுத்துப் போடாமல், கிரயத் தேதியோடு எல்லோரும் போடுங்கள். சமீபத்தில் வாங்கிய காலி மனைக்காரர்களின் கையெழுத்து இங்கேதான் தங்கம் மாதிரி. ரோடு பெயர்ந்தது, கால்வாய் முடியாதது இரண்டையும் தேதி தெரிகிற படங்களோடு, ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அந்த ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஆயிரம் தடவை திட்டியிருந்தாலும் அதைத் தெரிவித்ததாகக் காட்டுவது சிரமம்.

சரிசெய்யவில்லை என்றால் ரெரா ஆணையத்தில் புகார். ஆபீஸ் சென்னை எழும்பூரில். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு. வசதிகள் செய்து தருகிறேன் என்று சொல்லி மனை விற்பதும் சேவைதான் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பராமரிப்புக்கு வாங்கிய பணத்துக்குக் கணக்கும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

கறார் கணக்கு

படிக்க நன்றாக இருக்கிறது. அதுவரைக்கும் இருட்டில் நடப்பதா?

ஊராட்சி வாசல்

அதற்குத்தான் ரோட்டுப் பட்டா ஊராட்சி பெயரில் இருக்கிறதே. அந்த நகலை இணைத்து, தெருவிளக்கு இணைப்பை ஊராட்சி பெயருக்கு மாற்றக் கேளுங்கள். இனி "ஒப்படைக்கவில்லை" என்கிற பதில் எடுபடாது. கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள்: இந்தத் தானப் பத்திரம் எந்தத் தேதியில் பெறப்பட்டது, ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா, இந்தத் தெருக்களில் இருந்து சென்ற வருடம் எவ்வளவு வீட்டு வரி வசூல் என்று. 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் எழுத உட்காரும்போதுதான் பல ஆபீசில் கோப்பையே தேடுவார்கள்.

பழைய பில் பாக்கியை மட்டும் நீங்கள் கட்டாதீர்கள். கட்டினால் அடுத்த மாதமும் உங்களிடமே வருவார்கள்.

கறார் கணக்கு

பாக்கி கட்டாமல் இணைப்பு எப்படி மாறும்?

ஊராட்சி வாசல்

புரமோட்டர் கட்ட வேண்டும், கடிதத்தில் அதையும் சேர்க்கச் சொல்கிறேன். இழுத்தடித்தால் புது இணைப்பாக ஊராட்சியே விண்ணப்பிக்க முடியுமா என்று மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள். அதுவரைக்கும் வீட்டு வாசலில் ஆளுக்கொரு சோலார் விளக்கு மாட்டிக்கொள்ளுங்கள். அது உங்கள் சொந்தச் சொத்து, கழற்றிக்கொள்ளலாம்.

காவேரிப்பட்டினம் அக்கா

தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே. அந்த போர் தண்ணீரைத்தான் குடிக்கிறீர்களா? தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துப் பரிசோதித்துவிடுங்கள். பிள்ளைகள் பல்லில் மஞ்சள் கறை விழுந்த பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை. தொட்டி இடம் ஊராட்சிக்கு வந்தால் ஒகேனக்கல் தண்ணீரை அதில் ஏற்றக் கேட்கவும் வழி பிறக்கும்.

தெற்குவாசல் மனை

குடிக்கக் கேன் தண்ணீர், சமையலுக்கு போர் தண்ணீர். இந்த வாரமே பரிசோதனைக்குக் கொடுக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசினோம். முடிவானது இதுதான். சங்கம் பதிவு செய்கிறோம். மாதச் சந்தா 200, முள் வெட்டவும் மோட்டார் ரிப்பேருக்கும் மட்டும். ரோட்டுக்கும் விளக்கு பாக்கிக்கும் ஒரு ரூபாய் கிடையாது. கறார் கணக்கு அண்ணன் மாதிரி எங்கள் பக்கமும் சிலர் முனகினார்கள், பெரும்பான்மை இதற்குத்தான். புரமோட்டருக்குக் கடிதம் தயாராகிறது. காலி மனைக்காரர்கள் பட்டியலை வில்லங்கத்தில் இருந்தே எடுத்து, ஒவ்வொருவருக்கும் போன் செய்யும் பொறுப்பை இரண்டு பேர் ஏற்றிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் கையெழுத்தைத் தபாலில் வாங்குவோம். பூங்கா பட்டா மனு வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில்.

பாலக்கோடு டு பெங்களூரு

மனைச் சுத்தத்துக்குத் தனித் தொகை வைத்தீர்களா?

தெற்குவாசல் மனை

வைத்திருக்கிறோம். 1,200 சதுர அடி மனைக்கு இவ்வளவு என்று ஜேசிபிக்காரரிடம் விலை கேட்டிருக்கிறோம். சுத்தம் செய்யும் முன்னும் பின்னும் படம் அனுப்புவோம், ரசீதும் உண்டு.

பாலக்கோடு டு பெங்களூரு

என் மனைப்பிரிவிலும் இப்படிச் செய்தால் முதல் ஆளாக நான் அனுப்புவேன். உங்கள் கடித மாதிரியை, பெயர்களை எடுத்துவிட்டு, இங்கே போட முடியுமா?

தெற்குவாசல் மனை

தபால் ஒப்புகை கைக்கு வந்ததும் போடுகிறேன். சங்கத்துக்கு வங்கிக் கணக்கு ஆரம்பிக்கிற வரைக்கும் யாரிடமும் பணம் வாங்கவில்லை. எங்கள் மனைப்பிரிவில் யாராவது ஜிபேயில் கேட்டால் கொடுக்காதீர்கள், அது நாங்கள் இல்லை.